அவர் கேட்ட மன்னிப்பு

— கண்ணாடியைக் கழட்டிக் குடுங்க அண்ணி. பேசிக்கிட்டே சரி பண்ணிடுறேன். ஒரு பக்கம் தண்டு தளர்ந்து, மூக்கு மேல கோணலா நிக்குது.

— அது கோணலாவே இருக்கட்டும். கண்ணாடி ரிப்பேருக்காகவா ரெண்டு பஸ் மாறி உன் கடைக்கு வந்தேன்? நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல.

— என்ன கேட்டீங்க?

— என் தம்பி குடிச்சிக்கிட்டுக் கிடந்த காலமெல்லாம் கூடவே இருந்த. இப்ப அவன் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகுது. கெட்டவனோட குடும்பம் நடத்திட்டு, நல்லா ஆனவனை விட்டுட்டு வந்து, வேலை பாக்குற கடைக்கு மேலயே ரூம் எடுத்துத் தங்கியிருக்க. சொந்தக்காரங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது?

— கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க.

— விளையாடாத.

— விளையாடல அண்ணி. காரணம் எனக்கே தெரியல. தெரிஞ்சா உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன?

— அடிச்சானா?

— இல்ல.

— பின்ன என்ன, திட்டினானா? வேற யாராவது பொம்பளை விவகாரமா? என்னமோ போ, கேக்கவே எனக்குக் கூசுது.

— அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. சத்தம் போட்டுக்கூடப் பேசறதில்ல. காலையில எனக்கு முன்னாடி எழுந்து டீ போட்டு வைக்கிறாரு. வேலைக்குப் போறாரு, நேரத்துக்கு வர்றாரு. ஒழுகிக்கிட்டிருந்த குழாயெல்லாம் சரி பண்ணிட்டாரு. நின்னுபோன கடிகாரத்தைக்கூட ஓட வச்சிட்டாரு.

— இதுக்காகவா ஒருத்தி வீட்டை விட்டு வருவா?

— அதான் நானும் என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன். நீங்க அந்த ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்க அண்ணி. லென்ஸ் தேய்க்கிற மெஷின்லேருந்து தண்ணி தெறிக்கும், புடவை பாழாயிடும்.

— பரவால்ல, நான் உன் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன். முதல்ல அந்த மெஷினை நிறுத்து, பேசறது காதுல விழல. கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?

— லென்ஸ் தூள். நாள் பூரா இதுலதானே நிக்கிறேன்.

— சாயங்காலம் கடை சாத்தினா மேல போய்த் தனியா என்ன பண்ற?

— தூங்குறேன்.

— அவ்வளவு சீக்கிரமாவா? தானா தூக்கம் வருதா உனக்கு?

— வருது. அந்த வீட்ல வரவே வராது. இங்க தலையைச் சாய்ச்சா போதும், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுறேன்.

— அடிச்சுப் போட்ட மாதிரி.

— ஆமா. ஏன் அண்ணி அப்படிப் பாக்குறீங்க?

— ஒண்ணுமில்ல. இந்தா, கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டே சொல்லு.

— எப்படிச் சொல்றதுன்னு தெரியல. முன்னாடி அந்த வீட்ல எனக்கு எல்லாமே அத்துப்படி. கேட் திறக்கிற சத்தத்துலயே அன்னைக்கு எப்படி வர்றாருன்னு தெரிஞ்சிடும். ஒரே தள்ளாத் தள்ளினா சண்டை. கொண்டியைத் தடவிக்கிட்டே நின்னா அழுகை. சத்தமே இல்லன்னா நான்தான் வெளிய போய்ப் பாக்கணும். இப்ப கேட்டைத் திறந்து, திரும்பி நின்னு மூடி, கொண்டியும் போட்டுட்டு வர்றாரு. அவரு மனசுல என்ன இருக்குன்னு எனக்கு ஒண்ணுமே விளங்க மாட்டேங்குது.

— மனுஷங்க எல்லாரும் கேட்டை அப்படித்தாம்மா திறப்பாங்க.

— தெரியும். ஆனா நான் அப்படி ஒரு மனுஷனோட இருந்ததில்லையே. சாப்பிட உக்காந்தா, இன்னைக்கு உனக்கு எப்படிப் போச்சுன்னு கேக்குறாரு. சிகிச்சை எடுத்த இடத்துல அப்படிக் கேக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்களாம். முதல் தடவை கேட்டப்போ, ஏன், என்னைப்பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டேன். அவரு முகம் அப்படியே சுருங்கிப்போச்சு. எழுந்துபோய் ரெண்டு தட்டையும் கழுவி வச்சாரு.

— பாவம் அவன்.

— பாவம்தான். எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. அடுத்த நிமிஷமே கோவம் வந்துச்சு. இத்தனை வருஷம் நான் தட்டு கழுவினப்ப யாரும் என்னைப் பாவம்னு சொல்லல. நீங்களே என்ன சொன்னீங்க? ஆம்பளைங்க நாலு பேரோட சேர்ந்தா குடிக்கத்தான் செய்வாங்க, நீ பெரிசு பண்ணாதேன்னு சொன்னீங்க.

— சொன்னேன். இல்லேங்கல. லிஃப்டுக்குள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டுக் கத்திக்கிட்டிருக்க, ரிப்பேருக்குப் போனவன் மேல மெஷின் ரூம்ல குடிச்சிட்டுத் தூங்கிட்டான்னு வேலையை விட்டு அனுப்பினாங்க பாரு, அன்னைக்குத்தான் எனக்கே உறைச்சுது. அதுக்கப்புறம் தானாவே சிகிச்சைக்குப் போறேன்னு சொன்னான். போனான். அதே கம்பெனியில மறுபடியும் சேர்த்துக்கிட்டாங்க. அவங்களே நம்புறாங்க. நீ நம்பக் கூடாதா?

— அவங்களுக்கு லிஃப்ட் ஓடினா போதும். நான் அவரு பக்கத்துல படுக்கணும்.

— உன் மக கூட என்கிட்ட போன்ல அழுதா. அப்பா நல்லாயிட்டாரு, இப்ப அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு.

— என்கிட்டயும் கேட்டா. ஹாஸ்டல்ல போய்ச் சேர்ந்ததே அவரு குடி தாங்காமத்தான். இப்ப தினமும் அவருக்குப் போன் பண்ணிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறா. அதைக் கேக்க எனக்குச் சந்தோஷமாவும் இருக்கு, எரிச்சலாவும் இருக்கு. அண்ணி, அங்க இருந்த வரைக்கும் நான் அவரு சட்டையை மோந்து பாத்துக்கிட்டிருந்தேன்.

— என்னது?

— துவைக்கப் போடும்போது. கிரீஸ் வாசனை இருக்கும், வேர்வை இருக்கும், அவ்வளவுதான். ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கணும்ல? இல்ல. இன்னும் நல்லாத் தேடணும்னு தோணும். ஒருநாள் அவரு பாத்துட்டாரு. நான் காலரை மூக்குல வச்சுக்கிட்டு நிக்கிறேன், அவரு வாசப்படியில நிக்கிறாரு. போட்டிருந்த சட்டையையும் கழட்டி என் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு.

— இதை அவன் என்கிட்ட சொல்லலையே.

— வேற என்ன சொன்னாரு? அலமாரியில பாட்டில் இருந்ததைப்பத்திச் சொன்னாரா?

— ஏதோ சொன்னான். அதை உன் வாயால கேக்கணும்னுதான் இவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்.

— சொன்னா நீங்க என்னை மதிக்க மாட்டீங்க.

— நான் யாரையும் மதிச்சும் நாளாச்சு, அவமதிச்சும் நாளாச்சு. சொல்லு. எதுவா இருந்தாலும் பரவால்ல. நான் கத்த மாட்டேன்.

— அந்தப் பாட்டில் அவரோடது இல்ல அண்ணி. நான் வாங்கினது.

— நீயா?

— நான்தான். வேலை முடிஞ்சு போற வழியில அந்த ஒயின் ஷாப் இருக்கு. தினமும் தாண்டித்தான் போவேன். அன்னைக்கு என்னமோ உள்ள போயிட்டேன். என்ன வேணும்னு கேட்டாங்க. அவரு வழக்கமா குடிக்கிறதோட பேருதான் வாயில வந்துச்சு. பைக்குள்ள டிபன் டப்பாவுக்கு அடியில வச்சு எடுத்துட்டு வந்தேன். தெரிஞ்சவங்க யாராவது எதிர்ல வந்தா பையை இடுப்போட அணைச்சுக்கிட்டு ஒதுங்கி நின்னேன். இத்தனை வருஷம் அவரும் இப்படித்தானே கொண்டு வந்திருப்பாருன்னு தோணுச்சு. வீட்டுக்கு வந்ததும் மேல் அலமாரியில, கம்பளிக்குப் பின்னாடி வச்சேன்.

— எதுக்கும்மா?

— அவரு எடுத்துக் குடிக்கிறாரான்னு பாக்க. இல்ல, அது மட்டும் இல்ல. குடிச்சிட்டாருன்னா, எப்ப குடிப்பாரோ, எப்ப குடிப்பாரோன்னு காத்துக்கிட்டிருக்கிறதாவது ஒரு முடிவுக்கு வந்திடும்னு. அதுவும் சரியா வரல. தொடாம விட்டாருன்னா அதுக்கப்புறம் நம்பிடலாம்னும் நினைச்சேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணு தோணும். காலையில கிளம்பறதுக்கு முன்னாடி அலமாரிக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாப்பேன். இருக்கும். அப்பாடான்னு இருக்கும். கூடவே ஏமாந்துபோன மாதிரியும் இருக்கும். நான் என்ன மாதிரி பொம்பளை அண்ணி?

— அதை அப்புறம் பாக்கலாம். தினமும் கையை விட்டுப் பாப்பியா?

— தினமும்.

— சரி. மேல சொல்லு.

— குளிர ஆரம்பிச்சதும் ஒருநாள் சாயங்காலம் கம்பளி எடுக்கப் போனாரு. நான் வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருந்தேன். பாட்டிலைக் கொண்டு வந்து அடுப்பு மேடையில வச்சாரு. இது என்னோடதுன்னு சொன்னாரு. எப்பவோ குடிபோதையில ஒளிச்சு வச்சிருப்பேன், நினைவில்ல, என்னை மன்னிச்சிடுன்னு சொன்னாரு. பாட்டிலைப் பாக்கவே இல்ல. என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு.

— நீ என்ன சொன்ன?

— சரி, மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்.

— அது உன்னோடதுன்னு சொல்லலையா?

— சொல்ல வாயைத் திறந்தேன் அண்ணி. வந்தது அந்த வார்த்தைதான். அவரு பாட்டிலைத் தொட்டியில கவுத்துட்டுத் தண்ணியைத் திறந்து விட்டாரு. நான் மிச்ச வெங்காயத்தை அரிஞ்சேன். அவரு செஞ்ச எதையும் நான் இதுவரைக்கும் மன்னிச்சதில்ல. மனசார ஒண்ணைக்கூட மன்னிச்சதில்ல. செய்யாத ஒண்ணை மட்டும் மன்னிச்சேன். அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவரு போட்ட டீயைக் குடிக்கிறது? மறுநாளே துணியை எடுத்துக்கிட்டு இங்க வந்துட்டேன்.

— பாட்டில் திறந்திருந்துச்சா?

— இல்ல. சீல்கூட உடையல.

— நல்லா யோசிச்சுச் சொல்லு.

— யோசிக்க என்ன இருக்கு? நான்தானே வாங்கினேன், நான்தானே வச்சேன். அவரு மூடியைத் திருகினப்ப சீல் உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அண்ணி, அழுறீங்களா?

— இல்ல. கண்ணாடி இல்லாம கண்ணு கூசுது. கொண்டா அதை.

— இந்தாங்க. திருகாணியை முறுக்கிட்டேன், இனிமே ஆடாது. என்மேல கோவமா?

— கோவம் எங்கேருந்து வரும். அப்பாடான்னு இருக்கு எனக்கு.

— நான் இவ்வளவு சொல்றேன், அப்பாடாங்கிறீங்க.

— கேளு. அந்தப் பாட்டில் தன்னோடது இல்லன்னு அவனுக்கு நல்லாத் தெரியும்.

— எப்படித் தெரியும்?

— சிகிச்சை முடிஞ்சு வந்த வாரம் அந்த அலமாரியைக் காலி பண்ணிப் பெயின்ட் அடிச்சது யாரு? அவன்தானே. ஒரு ஆணிகூட மிச்சமில்லாம எடுத்திருக்கான். அதுல ஏதுடா பாட்டில்னு அவனுக்குத் தெரியாதா?

— அப்ப எதுக்குப் பொய் சொன்னாரு? எதுக்கு என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு?

— நீ தலை குனியக் கூடாதுன்னு.

— அப்போ நான் அவரைச் சோதிச்சேன்னு தெரிஞ்சும், பழியைத் தன்மேல போட்டுக்கிட்டாரா? தெரிஞ்சேதான் என் முகத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரா?

— நீ சோதிச்சேன்னு அவனுக்குத் தோணவே இல்லம்மா. எனக்கும் தோணல. காலையில நீ அந்த அலமாரிக்குள்ள கையை விடுறதை அவன் பாத்திருக்கான். கேக்கத் தைரியம் இல்லாம, பாத்தும் பாக்காத மாதிரி இருந்திருக்கான். நேத்து என் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுல கை வைக்காம உக்காந்திருந்தான். அப்புறம்தான் இதைச் சொன்னான்.

— எனக்கு ஒண்ணும் புரியல அண்ணி. என்னைக் கூட்டிக்கிட்டு வரத்தானே உங்களை அனுப்பினாரு?

— இல்ல. நீ குடிக்க ஆரம்பிச்சிட்டியோன்னு பயந்துபோய், பாத்துட்டு வரச் சொல்லி அனுப்பினான்.