சூடேறினால் நிற்கும் வண்டி

ஸ்டேஷன் வாசலில் நிற்கிற வெள்ளை வண்டி உங்களுடையதுதானே மேடம்? காலையில் நீங்கள் வந்து நிறுத்தும்போது உள்ளே இருந்தபடியே கேட்டேன். மூன்று சிலிண்டரில் ஒன்று சரியாக எரியவில்லை. நின்றபடி ஓடுகிற ஐடிலிங்கில் ஒரு நடுக்கம் இருக்கிறது. இக்னிஷன் காயிலை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கோளாறுதான், ஆனால் அப்படியே ஓட்டினால் வேறு எதையாவது இழுத்து வைக்கும்.

என் பெயர் அழகுராஜா. திருச்சுழியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பதினாறு வருஷமாகச் சின்னப் பெட்ரோல் கார்கள் மட்டும்தான் பார்க்கிறேன். டீசல் பக்கம் போனதில்லை. என் மனைவி துர்காதேவி நாற்கரச் சாலையில் எப்படிச் செத்தாள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டால் மற்றது சுலபமாகப் புரியும்.

அவளுடைய வண்டி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு சிசி. மூன்று சிலிண்டர், அறுபத்தேழு குதிரைத்திறன். கேட்டால் அதிகம்போலத் தெரியும், நான்கு பேர் ஏறி ஏசியும் போட்டால் மேம்பாலத்தில் மூச்சு வாங்கும். மற்றபடி நல்ல இன்ஜின். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கும். நம் பக்கத்துக் கரிசல் தூசிக்கு ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள், அது உப்புப் பூத்து அடைத்துக்கொள்ளும். எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

இந்த இன்ஜினில் எனக்கு மரியாதை உண்டாக்கிய கோளாறு ஒன்றே ஒன்றுதான். கிராங்க் சென்சார் என்று கட்டைவிரல் அளவில் ஒரு பொருள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும், கையை உள்ளே விட்டால் தொடலாம். இன்ஜின் தண்டு சுழல்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அது கெட்டுப்போனால் ஒரேயடியாகக் கெடாது. சூடேறினால் செத்துவிடும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கிற வண்டி சத்தமில்லாமல் அணைந்துவிடும். அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். டெஸ்டரை மாட்டிப் பார்த்தாலும் பாதி நேரம் ஒன்றும் காட்டாது.

அப்படிக் கெட்ட சென்சார் ஒன்றை ஒரு வாத்தியார் வண்டியிலிருந்து கழற்றினேன். தூக்கிப் போட மனம் வரவில்லை, டிராயரில் போட்டு வைத்தேன்.

துர்காவின் அப்பா சோலைச்சாமி காரியாபட்டிப் பக்கம் நிலம் நீச்சு உள்ளவர். கல்யாணத்துக்குச் சீராக அந்த வண்டியைக் கொடுத்தார். என் கைகள் எப்போதும் ஊரார் வண்டிக்குள் இருந்ததால் அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். நன்றாக ஓட்டுவாள். கிளட்சில் கால் வைத்தே ஓட்டுகிற பழக்கம் அவளிடம் இல்லை. அது எல்லாருக்கும் வராது. ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிடுவாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அவள் மருந்தாளுநர் படிப்பு முடித்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் போய்விட்டு வந்து சாப்பிடும்போது நிறைய பேசினாள். அங்கே வேலை பார்க்கிறவர்கள், லிஃப்ட், கேன்டீன், எல்லாம் சொன்னாள். நான் சாம்பாரில் உப்பு இல்லை என்றேன். அவள் அதைக் காதில் வாங்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது மேடம். இவள் ஒருநாள் போனவள் போனவள்தான் என்று தோன்றியது. போகாதே என்று நான் சொல்லவில்லை. பெண்டாட்டியை வேலைக்குப் போகாதே என்று சொல்கிற ஆள் இல்லை நான். கை நீட்டி அடித்ததும் இல்லை, அவள் வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். அந்த வாரம் ஆயில் மாற்றும்போது டிராயரில் இருந்த சென்சாரை அவள் வண்டியில் மாட்டினேன்.

நம் ஊர் வெயிலில் அது இருபது நிமிஷம் தாங்கும். அருப்புக்கோட்டை ரோட்டில் பன்னிரண்டாவது கிலோமீட்டர், தாண்டினால் பதின்மூன்று. இரண்டு பக்கமும் கருவேல மரம், வண்டிப் போக்குவரத்து குறைவு. ஓரமாக நிறுத்த இடம் இருக்கும். ஆபத்தில்லாத இடம் என்பதையும் யோசித்துத்தான் செய்தேன்.

நின்றதும் எனக்கு போன் வரும். "ஏங்க, நின்னுருச்சு" என்பாள். அவ்வளவுதான் சொல்வாள். நான் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு பைக்கில் போவேன். கஸ்டமர்கள் சிரிப்பார்கள். போய் பானெட்டைத் திறந்து, துண்டைத் தண்ணீரில் நனைத்து சென்சார் மேல் சுற்றி வைத்தால் ஐந்து நிமிஷத்தில் ஆறிவிடும். எதனால் ஓடுகிறது என்று தெரிந்துவிடக் கூடாது அல்லவா, அதனால் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பேன், ஒயரை ஆட்டுவேன், பேட்டரியைத் தட்டுவேன். அவள் எதிர்ப்பக்கம் நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் எனக்குப் பிடித்த நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இரண்டு மாதத்தில் மதுரை வேலை போய்விட்டது. தினமும் தாமதமாக வருகிற ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்? அப்புறம் அருப்புக்கோட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப், அதுவும் நிலைக்கவில்லை. பஸ்ஸில் போ என்றேன். எங்கள் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, அங்கிருந்து பஸ் மாறி, அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று எனக்கும் தெரியும். வண்டியை விற்றுவிடலாம் என்றாள். மாமா ஆசையாகக் கொடுத்ததை விற்பதா என்றேன்.

ஒரு தடவை மட்டும் என்னிடம் கேட்டாள். "ஊருல எல்லாரு வண்டியவும் ஓட வைக்கிறீக. என் வண்டி மட்டும் ஏங்க இப்பிடி?"

"பழைய வண்டினா அப்பிடித்தான்" என்றேன்.

எனக்குத் தெரியாமல் அருப்புக்கோட்டையில் மாரிச்செல்வத்தின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோயிருக்கிறாள். இரண்டு தடவை நடுவழியில் நின்று, ஆற விட்டு, என்னைக் கூப்பிடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறாள். ஒரு மெக்கானிக் பார்க்கிற வண்டியில் அவனைக் கேட்காமல் இன்னொரு மெக்கானிக் கை வைக்க மாட்டான். எங்கள் தொழிலில் அது மரியாதை. அதிலும் இது மெக்கானிக்கின் வீட்டு வண்டி. மாரிச்செல்வம் பானெட்டைக்கூடத் திறக்காமல் எனக்கு போன் போட்டான்.

"அண்ணே, அண்ணி வண்டியக் கொண்டாந்து விட்டுருக்காக. நா தொட்டா நல்லாருக்காதுல்ல. என்ன செய்ய?"

"தொடாத. நா வாரேன்."

நான் போனபோது அவள் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மாரிச்செல்வம் என்னைக் கூப்பிட்டதை வைத்தே அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். அருப்புக்கோட்டை, காரியாபட்டி, விருதுநகர், எங்கே கொண்டுபோனாலும் எனக்கு போன் வந்துவிடும் என்று. ஆட்டைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பதுபோல இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது பின்னால் தெரிந்தது. கயிற்றில் கட்டியவன் ஆட்டைத் தேடிப் போய்த் தண்ணீர் காட்டவில்லையா என்று கேட்கத் தோன்றியது.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். பை கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவள் குளிக்கப் போனபோது பீரோவைத் திறந்து பார்த்தேன். சர்ட்டிஃபிகேட் இருந்த ஃபைல் இல்லை. டயரில் காற்றுப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்து விட்டேன். "பாத்துப் போயிட்டு வா" என்றேன். தலையாட்டினாள்.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஒரு பாட்டிலில் தண்ணீரும் துண்டும் எடுத்து பைக்கில் வைத்துக்கொண்டேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று, போன் வரவில்லை. இருபத்தைந்து ஆயிற்று. அப்போதுதான் தகரக் கூரைச் சத்தத்தைக் கவனித்தேன். விடியற்காலையிலிருந்து மழை, நனைந்துகொண்டேதான் வந்திருந்தேன், ஆனால் சென்சாரோடு சேர்த்து யோசிக்கவில்லை. வருஷத்தில் பத்து நாள் முழுசாகப் பெய்யாத ஊர் மேடம் இது. நான் எல்லாக் கணக்கையும் வெயிலுக்குத்தான் போட்டிருந்தேன். மழையில் இன்ஜின் சூடேற நேரமாகும். சென்சார் பன்னிரண்டு கிலோமீட்டரில் சாகாது. அருப்புக்கோட்டையைத் தாண்டி, நாற்கரச் சாலையில் ஏறி, பின்னால் லாரி வருகிற வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் சாகும்.

இது எனக்குத் தெரிந்தபோது அவள் அருப்புக்கோட்டைக்குள்கூடப் போயிருக்க மாட்டாள். நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். போன் என் கையில்தான் இருந்தது. ஓரமாக நிறுத்து, நாலுவழிச் சாலையில் ஏறாதே என்று ஒரு வார்த்தை போதும். எப்படித் தெரியும் என்று கேட்பாள். நான் போனை மேஜை மேல் வைத்துவிட்டு, ஒரு வண்டிக்கு ஸ்பார்க் பிளக் மாற்றினேன். மூன்று பிளக். மெதுவாகத்தான் மாற்றினேன்.

காரியாபட்டிக்கு முன்னால் பாலத்தின் மேல் நின்றிருக்கிறது. அங்கே ஒதுங்க இடம் கிடையாது. பானெட்டை மூடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த லாரி வண்டியை இடித்து அவள் மேல் தள்ளியிருக்கிறது. லாரி டிரைவர் மேல் தப்பு இல்லை. அந்த மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரை விட்டுவிடுங்கள். செய்தது நான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஆனால் ரோந்து வண்டிக்காரர் எழுதிக் கொடுத்ததை நீங்கள் வாசித்தபோது அதில் தவறு இருந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததாம். அவர்தான் சாவியைத் திருப்பி அணைத்தாராம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே நனைந்த துப்பட்டா ஒன்று சுற்றியிருந்ததாம். துப்பட்டா இடித்த வேகத்தில் போய்ச் சிக்கியிருக்கும். அவள் போனில் கடைசி அரை மணி நேரத்தில் யாரையும் கூப்பிடவில்லை என்றும் சொன்னீர்கள். அங்கே டவர் இருந்திருக்காது. இருந்திருந்தால் என்னைத்தான் கூப்பிட்டிருப்பாள், வேறு யாரைக் கூப்பிடுவாள்?

இன்ஜின் ஓடியது என்கிற அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள் மேடம். மற்ற எல்லாம் சரி. நான் போகாமல் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகாது.