பிளேன் பார்க்க வந்த சனம்

ஜெயமலர்: ...அந்தக் கதிரையளை விடும் அகஸ்ரின். முதல்ல இந்தக் கோப்பியைக் குடியும்.

அகஸ்ரின்: எல்லாரும் போனாப்பிறகு பிளேன் நிக்கிற இந்த ஹாங்கரைக் கூட்டிக் குடுக்கவேணுமெண்டு மனேஜர் சொன்னவா எல்லே அக்கா?

ஜெயமலர்: வேரோனிக்காதானே? அங்க பாரும், அவாவே விளக்குமாறோட நிக்கிறா.

அகஸ்ரின்: மனேஜரோ!

ஜெயமலர்: முதல்ல என்ன பாடு படுத்தினவா... "பிளேன் செய்யிற இடத்துக்குள்ள சின்னப் பிள்ளையளோ? இன்சூரன்ஸ்..." எங்கட சனம் பிள்ளையளோட வந்து பிளேன் பாக்கட்டுமெண்டு நான் கேட்ட நேரமெல்லாம் ஏலாதெண்டவா.

அகஸ்ரின்: நீங்கள் விட்டாத்தானே! லைனுக்குப் பொறுப்பா லீட் ஹேண்ட் ஆனாப்பிறகு உங்கட குரலே வேற.

ஜெயமலர்: சும்மா இரும். நாலு பேருக்கு வேலை பிரிச்சுக் குடுக்கிறன், அவ்வளவுதான்.

அகஸ்ரின்: அவ்வளவுதானோ? பிளேனுக்குச் செட்டை பூட்டுற எங்கட ஆக்களில அரைவாசிப்பேரை இந்த வேலைக்குள்ள கொண்டுவந்து விட்டது ஆர்? நான் உட்பட...

ஜெயமலர்: சரி, சரி. அந்த மஞ்சள் சட்டைப் பிள்ளையின்ர தாயைப் பாத்தனீரே? போகேக்க வேரோனிக்காவின்ர கையை விடேல்லை. ஒரு சொல் இங்கிலீஷ் தெரியாது.

அகஸ்ரின்: மஞ்சள் சட்டை... மேசைக்குக் கீழ பூந்தவளோ?

ஜெயமலர்: ஓம். போன வருசம்தான் சண்டைக்குள்ளால ஊரில இருந்து வந்தவையாம். பிளேனை ஸ்ரார்ட் பண்ணின உடன தாயும் சேர்ந்து குனிஞ்சிட்டா.

அகஸ்ரின்: குண்டு போடுற பொம்மர் சத்தம் கேட்ட காது அக்கா... வேற என்ன செய்யும்?

ஜெயமலர்: வேரோனிக்கா பயந்துபோய் "நிப்பாட்டுவமோ?" எண்டு என்னைக் கேக்கிறா. நான் வாய் திறக்க முதல் நீர் போய், அந்த மேசைக்குக் கீழ...

அகஸ்ரின்: ஐயோ, அதையும் பாத்திட்டியளோ!

ஜெயமலர்: முழு ஹாங்கரும் பாத்தது. இவ்வளவு உயரமான மனுசன், காலை மடிச்சுக்கொண்டு! அவளுக்கு என்ன சொன்னனீர்?

அகஸ்ரின்: "அந்தச் செட்டையில கன ஆணி இந்த மாமா அடிச்சது. உள்ளுக்குக் குண்டு இல்லை, கதிரையள்தான் இருக்கு" எண்டன்.

ஜெயமலர்: நம்பினாளே?

அகஸ்ரின்: எங்க... என்ர விரலை முறிக்கிற மாதிரிப் பிடிச்சுக்கொண்டு வெளியில வந்தாள். பிளேன் ஓடி... எழும்பி... தலைக்கு மேலால போகேக்க...

ஜெயமலர்: கை தட்டினாள்.

அகஸ்ரின்: முதல் அவள்தான்! பிறகுதான் சனமெல்லாம். இப்பிடி ஒரு நாளைத் தந்ததுக்கு உங்களுக்குப் பெரிய உபகாரம் அக்கா.

ஜெயமலர்: நான் அந்த நேரம் உம்மைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.

அகஸ்ரின்: பிளேனைப் பாக்காமலோ?

ஜெயமலர்: அது ஒவ்வொரு கிழமையும் பறக்குது. நீர் அண்ணாந்து பாத்ததை இண்டைக்குத்தான் கண்டனான்.

அகஸ்ரின்: விடுங்கோ அக்கா, அந்தக் கதிரையளை அடுக்குவம்.

ஜெயமலர்: ஒண்டு சொன்னாக் கோவிக்கமாட்டீரே?

அகஸ்ரின்: உங்களோட கோவிச்சு நான் எங்க போறது?

ஜெயமலர்: இண்டைக்கு நடந்ததைப் பிள்ளையளுக்கெண்டு சொன்னது ஒரு சாட்டு. "என்ர லைனில ஒருத்தர் பிளேன் கிளம்புற நேரமெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு வொஷ்றூமுக்குள்ள போய் நிக்கிறார். எங்கட சனத்தோட நிண்டால் அவர் ஒருக்கா வெளியில வந்து பாப்பார்" எண்டு சொன்னாப்பிறகுதான் வேரோனிக்கா ஓமெண்டவா.

அகஸ்ரின்: தெரியும் அக்கா. வேரோனிக்கா அண்டைக்கே வாய் தவறி என்னட்டச் சொல்லிப்போட்டா. எனக்குத் தனிய நிக்கத் துணிவு வரேல்லை... அதாலதான் எங்கட சனம் இருக்கிற வெக்ஸ்போர்ட்டில வீடு வீடாய்த் தட்டி, ரெண்டு பஸ் நிறையச் சனத்தைக் கூட்டிக்கொண்டு வந்தனான்.