ஐந்து ஸ்பிரிங் போகியும் எங்கள் வெர்னியர் அக்காவும்

மாதிரி ரயில் செய்யும் நம் தொழிலகத்தின் மாண்பே, அரை மில்லிமீட்டர் பிசகையும் மன்னிக்காத மதிநுட்பமே, முப்பத்திரண்டு ஆண்டுகள் போகிப் பிரிவின் பொறுப்பைப் பொன்போல் காத்த பெருந்தகையே, பணி நிறைவு பெற்று இன்று முதல் வரிசையில் கைகட்டி அமர்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருக்கும், நுண்ணளவு பார்க்கும் கருவியின் பெயரையே பட்டப்பெயராகப் பெற்ற எங்கள் வெர்னியர் அக்காவே! வணக்கம்.

வணக்கத்திற்குப் பிறகு என்ன எழுதுவது என்பதில்தான் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தகைய மடல்களில் இந்த இடத்தில் "தவறென்பதே அறியாதவர்" என்று ஒரு வரி வருவது வழக்கம். அதற்குத் தாங்களே தடை போட்டுவிட்டீர்கள். ஆகவே அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, தெரிந்ததிலிருந்து தொடங்குகிறோம்.

அக்காவின் உறவினர்களாக வந்திருப்போருக்கு ஒரு விளக்கம். ஊரார் ரயில் பெட்டியையே போகி என்பார்கள். அக்காவின் முன் அப்படிச் சொல்லித் தப்பித்தவர் இல்லை. சரக்குப் பெட்டியின் அடியில், முனைக்கு ஒன்றாக, சக்கரங்களையும் ஸ்பிரிங்குகளையும் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டமே போகி. அசலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி நாம் செய்யும் சிறு பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும், அதன் அசலில் உள்ள அதே வகைப் போகியைத் தேடிப் பொருத்துவதே அக்காவின் பணி.

அக்கா, அந்தப் பணிக்காகச் சரக்கு நிலையங்களின் சரளைக்கல்லில் மண்டியிட்டு, கரித்தூளில் கைநனைத்து, காவலாளிகளின் கோபத்தையும் கனிவாக்கி, தாங்கள் கொண்டுவந்து சேர்த்த அளவுகள் பதினொரு குறிப்பேடுகள். மிட்டாய் டப்பாக்களில் வகைவகையாகப் பிரித்து வைத்த போகிகள் நூற்று நாற்பது. வாடிக்கையாளர்கள் பெட்டியின் நிறத்தையும் எண்ணையும் பார்ப்பார்கள். அடியில் என்ன இருக்கிறதென்று குனிந்து பார்ப்பவர் ஆயிரத்தில் ஒருவர். அந்த ஒருவருக்காகவே தாங்கள் உழைத்தீர்கள். தங்கள் கணவர் எங்களிடம் சொன்னதை இங்கே பதிவு செய்கிறோம்: "லெவல் கிராசிங்ல கேட் போட்டா எல்லாரும் சலிச்சுக்குவாங்க. இவ கார்லேருந்து இறங்கிப் போய் நின்னுடுவா. கேட் தொறந்தப்புறம் பின்னாடி வண்டிக்காரங்ககிட்ட திட்டு வாங்குறது நான்."

இதுவரை எங்களுக்குக் குழப்பமில்லை. குழப்பம் சென்ற மாதம் வந்தது. ஓய்வுபெற்ற சரக்கு வண்டி கார்டு ஒருவர் நம் விற்பனை மேசையில், பத்தொன்பது ஆண்டுகளாக நாம் விற்றுவரும் பழுப்பு நிற நிலக்கரிப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்டி எங்களோடதுதான். கால் மட்டும் வேற யாரோடதோ" என்றார். அசலில் போகியின் ஒரு பக்கத்துக்கு மூன்று ஸ்பிரிங் என்பது அவர் வாதம். நம் மாதிரியில் ஐந்து. தாங்கள் குறிப்பேட்டைக் காட்டினீர்கள்: பெட்டியின் எண், தேதி, கையால் வரைந்த படம், ஐந்து ஸ்பிரிங். அவர் மறுநாள் ஒரு புகைப்படத்தோடு வந்தார். அதே எண், அதே பெட்டி. படத்தில் இடது முனையில் ஐந்து ஸ்பிரிங், வலது முனையில் மூன்று.

ஒரே பெட்டிக்கு இரண்டு வகைப் போகி எப்படி வரும்? வரைபடப் பிரிவுக்காரர் புகைப்படத்தைச் சந்தேகித்தார். அச்சுப் பிரிவுக்காரர் கார்டையே சந்தேகித்தார். தாங்களோ பழுதுபார்க்கும் கொட்டகைக்குத் தொலைபேசி செய்தீர்கள். அங்கிருந்த ஃபோர்மேன் பழைய பதிவைப் புரட்டிவிட்டு அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "ஒரு முனை அடிபட்டு வந்துச்சு. கைக்குக் கெடைச்ச போகியை மாட்டி அனுப்பிட்டோம். வண்டி ஓடணும்ல."

ஆக, அந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றிலும் மூன்று. அந்த ஒரு பெட்டியில் மட்டும் ஒரு முனையில் ஐந்து, மறுமுனையில் மூன்று. இரு முனையிலும் ஐந்து உள்ள பெட்டி, நம் அட்டைப்பெட்டிகளுக்குள் தவிர, உலகத்தில் எங்கும் இல்லை. அசலே தப்பாக இருந்தால் அதைப் பார்த்துச் செய்த மாதிரி சரியா? அந்தத் தப்பிலும் பாதியை மட்டும் பார்த்துச் செய்ததற்கு என்ன பெயர்? நான்கு நாள் தேநீர் இடைவேளை இதிலேயே போயிற்று. எங்களுக்கு விளங்கவில்லை.

தங்களுக்கு மட்டும் விளங்கிவிட்டது. "மடல்ல இதை எழுதுங்க. எழுதலேன்னா நான் விழாவுக்கு வரல. முப்பத்திரண்டு வருஷம் தப்பே பண்ணலன்னு நீங்க வாசிக்க, நான் உக்காந்து கேட்டுட்டு இருக்கணுமா?" என்றீர்கள். முதலாளியோ, "பாராட்டு மடல்ல போய்க் குறையைப் போடுவாங்களா? நம்ம பெட்டி தப்புன்னு நாமளே தண்டோரா போடணுமா?" என்றார். எழுதினால் முதலாளி வாசிக்க விடமாட்டார். எழுதாவிட்டால் வாசிப்பதைக் கேட்கத் தாங்கள் வரமாட்டீர்கள். இரண்டு மடல்களைத் தட்டச்சு செய்தோம். எதற்குச் சட்டம் போடுவது என்று கண்ணாடிக் கடைக்காரர் நேற்று மூன்று முறை கேட்டுவிட்டார்.

எழுதும் பொறுப்பு வண்ணப் பிரிவின் தலையில் விழுந்திருந்தது. ஆண்டுகளைச் சரிபார்க்க அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினோம். நிலக்கரிப் பெட்டிக்கான பக்கத்தில் இடது முனைக்குப் பதினான்கு அளவுகள் இருந்தன. வலது முனைக்கு ஒரே வரி: "இதுவும் அப்படியே." இரு முனையும் அளக்காமல் எந்தப் பக்கத்தையும் முடிக்காத தாங்களா இப்படி எழுதினீர்கள் என்று திகைத்தபோதுதான் தேதி கண்ணில் பட்டது. இதற்கு மேல் "நாங்கள்" என்று எழுத வரவில்லை. இம்மடலை எழுதியவனும் இதோ நின்று வாசிப்பவனுமாகிய நான் எழுதுகிறேன்.

அந்தத் தேதி எனக்கு மறக்காது. பெட்டியின் நிறத்தைக் குறித்துக்கொள்ளத் தங்களோடு வந்திருந்தேன். நிறத்தைப் பக்கத்தில் பார்க்கிறேன் என்று பெட்டியின் இரும்பு ஏணியில் ஏறி, வழுக்கி விழுந்து, இடது முன்கையை ஒடித்துக்கொண்டேன். தாங்கள் அப்போதுதான் இடது முனையை அளந்துவிட்டு எழுந்தீர்கள். கையிலிருந்த ஓரடி இரும்பு அளவுகோலை என் கைக்கு அணைகொடுத்து, இரண்டு கைக்குட்டைகளால் கட்டி, என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போனீர்கள். அளவுகோல் என் கையோடு வந்துவிட்டது. மறுமுனை அளக்கப்படாமல் நின்றுவிட்டது. பத்தொன்பது ஆண்டுகளில் இதைத் தாங்கள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

சென்ற வாரம் நானே கேட்டேன். அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. "உன் கை ஒடிஞ்சது ஒரு நாள். மறுவாரம் எனக்குக் கைகாலெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு? போய்ப் பாக்கல. பாக்காததைப் பாத்த மாதிரி எழுதிட்டேன். தப்பு என்னோடது. அதுல வந்து பங்கு கேக்காதே" என்றீர்கள்.

கேட்டபடியே எழுதிவிட்டேன் அக்கா: நிலக்கரிப் பெட்டிக்கு வெர்னியர் அக்கா தவறான போகியைப் பொருத்தினார். தாங்கள் கேட்காத வரியையும் எழுதிவிட்டேன்: அன்று அவர் மறுமுனையை விட்டுவந்தது எனக்காக. இரண்டும் உண்மை. இப்போது நான் பாராட்டுகிறேனா, குறை சொல்கிறேனா, நன்றி சொல்கிறேனா, மன்னிப்புக் கேட்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

நினைவுப் பரிசாகக் கடிகாரம் வாங்கவில்லை. இந்தச் சட்டத்தின் பின்புறம் ஓர் உறை ஒட்டியிருக்கிறோம். அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. கொட்டகையின் ஓரத் தண்டவாளத்தில் மணல் நிரப்பி நிறுத்தியிருக்கிறார்கள். உறைக்குள் இருப்பது வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உள்ளே செல்ல ஃபோர்மேன் தந்த அனுமதிச் சீட்டு, இருவருக்கு. வலது முனையின் அளவுகள் வந்தபின் போகியை வார்க்கப் புதிய அச்சு வெட்டப்படும்.

மண்டியிடும் முழங்காலில் வலியின்றி, எண்ணும் கண்ணில் மங்கலின்றி, கேட் மூடும் இடமெல்லாம் நீளமான சரக்கு வண்டியே வந்துநிற்க, தாங்களும் பொறுமைமிக்க தங்கள் கணவரும் நோயின்றி நூறாண்டு வாழ வேண்டுகிறோம். சனிக்கிழமை தாங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அளக்கலாம். நான் ஏணியில் ஏறமாட்டேன்.

இங்ஙனம்,
போகிப் பிரிவினர்,
வரைபடப் பிரிவினர்,
அச்சுப் பிரிவினர்,
வண்ணப் பிரிவினர்,
மற்றும், இரண்டு மடல்களையும் படித்துப் பார்த்தபின், முதலாளி.