நடுவட்டத்தில் ஒரு முழங்கால்

முகங்களை நான் எளிதில் மறந்துவிடுவேன். முழங்கால்களை மறப்பதில்லை. கண்டி பஸ் நிலையத்தில் யாராவது எதிரே வந்து சிரித்தால், அவர் என்னைத் தாண்டி நடந்து போகும்போதுதான் பெயர் ஞாபகம் வரும். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருந்தால் அப்படித்தான் ஆகிவிடும் போலிருக்கிறது.

நீங்கள் ஒரு கடிதம் கேட்டு வந்திருக்கிறீர்கள், றமீஸா. பிரணவனின் வலது முழங்கால் மடங்காது, ஆகவே சோதனைச் சாவடியில் முழந்தாளிடச் சொன்னபோது அவன் நின்றுகொண்டிருந்தது திமிரால் அல்ல என்று இயன்மருத்துவராகிய நான் எழுதித் தர வேண்டும். எழுதித் தருகிறேன். அது உண்மைதான். ஆனால் அந்தக் கால் ஏன் மடங்காமல் போனது என்று நீங்கள் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் யாராவது கேட்பார்கள். அவனுடைய சட்டத்தரணியான உங்களுக்கு அது முதலே தெரிந்திருப்பது நல்லது. தேநீரைக் குடியுங்கள், ஆறுகிறது.

அந்த அவுஸ்திரேலியப் பந்து விளையாட்டைக் குண்டசாலைக்குக் கொண்டுவந்தவர் கிரேக். சுனாமி நிவாரண வேலைக்கு வந்து, இங்கே ஒரு பெண்ணை மணந்து, தங்கிவிட்ட மனிதர். ரக்பி ஊறிய ஊர் இது. ஆரம்பத்தில் வேலிக்கு வெளியே நின்று எல்லோரும் சிரித்தார்கள். பந்து முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம், அடுத்தவனின் தோளில் ஏறிக்கூடப் பிடிக்கலாம். "இது என்ன, கோழி புடிக்கிற வெளையாட்டா?" என்று கேட்டவர்களே பிறகு விளையாட வந்தார்கள். காரணம் மெல்பேர்ன். கிரேக்குக்குத் தெரிந்த புறநகர்க் கழகம் ஒன்று வருடத்துக்கு ஒருவனை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. விளையாட்டு, ஒரு வேலை, விசா. அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. வயது வந்த தமிழ்ப் பையன் உள்ள வீட்டில் அந்த மூன்றாவது சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விளையாட வந்தவர்களின் உடம்பைப் பார்த்துச் சொல்வது என் வேலை. ஆட்களைத் தெரிவுசெய்யும்போது கிரேக்கின் பக்கத்தில் நான் இருப்பேன். அவர்கள் நாட்டு வழக்கப்படி, போன தடவை தோற்ற அணி முதலில் ஓர் ஆளைக் கேட்கும், அடுத்தது வென்ற அணி, இப்படி மாறி மாறி. இங்கே கண்டி என்றும் கலகெதர என்றும் இரண்டு அணிகள். எனக்கு அந்த முறை பிடித்துப்போயிற்று. தெரிவு என்பது மைதானத்தில் நடப்பதைவிடப் பெரிய விளையாட்டு. கிரேக் சொல்வார், இருப்பவர்களில் ஆகச் சிறந்தவனை முதலில் எடு, அவனுக்கான இடத்தைப் பிறகு தேடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எந்த மனிதனையும் ஓர் இடத்தில் வைத்துக் கெடுத்துவிட முடியும்.

பிரணவன் முதல் நாள் வந்தபோதே கிரேக் எழுந்து நின்றுவிட்டார். ஆறடி மூன்று அங்குலம். ஓடினால் புல் அசையாதது போல ஓடுவான். அவனை ஓரத்தில் ஓடவிட வேண்டும், அங்கே யாராலும் பிடிக்க முடியாது என்றார். நான் அவனை மேசையில் படுக்கவைத்து இரண்டு முழங்கால்களையும் மடித்துப் பார்த்தேன். இடது கீழ்க்கால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வலது கீழ்க்கால் கொஞ்சம் பின்னால் சரிந்திருந்தது.

"எப்பவாவது விழுந்தனீரோ?"

"சின்னனில சைக்கிளில இருந்து விழுந்தனான், அன்ரி. ஆனா ஒரு நோவும் இல்லை."

நோ இருக்காது. முழங்காலின் உள்ளே பின்பக்கமாக ஒரு நார் இருக்கிறது. அது ஏற்கனவே நைந்திருந்தது. ஓடுகிறவனுக்கு அது வாழ்நாள் முழுவதும் தாங்கும். கீழ்க்காலில் நேராக அடி விழுந்தால் தாங்காது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது வீடு எங்கே, அப்பா யார் என்று கேட்டேன். கட்டுகஸ்தோட்டை, நவரட்ணராஜா, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் என்றான்.

அதைக் கேட்டுக்கொண்டே டிஞ்சர் போத்தலை மூடி அலுமாரியில் வைத்தேன்.

நவரட்ணராஜாவை நாங்கள் ராசா அண்ணை என்போம், எண்பத்து மூன்றில் எங்கள் அடுத்த வீடு. அப்பா இறந்து, அம்மா யாழ்ப்பாணம் போயிருந்த நேரம். வீட்டில் நானும் என் தம்பி விவேகானந்தனும் மட்டும். ஆடிக் கலவரத்தில் அந்தப் பக்கத்துக் கடைகள் எரியத் தொடங்கியபோது ராசா அண்ணையிடம் திணைக்களத்து வான் இருந்தது. அகதிகள் சேர்ந்திருந்த பாடசாலைக்கு அயலவர்களை அதில் ஏற்றிக்கொண்டு போனார். யார் ஏறுவது, யார் நிற்பது என்பதை அவர்தான் தெரிவு செய்தார். பின்சீற்றில் அவருடைய மனைவி இரஞ்சிதத்தின் தையல் மெஷின் இருந்தது. ஒரு மனிதன் இருக்கக்கூடிய இடத்தில் அந்த மெஷின் இருந்தது. நான் ஏறினேன். தம்பி ஏறவில்லை. வீட்டுக்குள் வைத்தே அவனை எரித்தார்கள். பதினெட்டு வயது.

பிறகு எல்லோரும் ராசா அண்ணையை நல்ல மனிதர் என்றார்கள். எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்றார்கள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு வருடம் தலையாட்டினேன்.

கிரேக்கிடம் நான் சொன்னது சிறிய விஷயம். அவர்களுடைய ஆட்டம் எப்படித் தொடங்கும் தெரியுமா? நடுவட்டத்தில் நடுவர் பந்தை நிலத்தில் அடித்து மேலே எழுப்புவார். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு உயரமானவர்கள் ஓடிவந்து அதற்குத் தாவுவார்கள். அந்த ஆளுக்கு ரக் என்று பெயர். தாவும்போது ஒருவனுடைய முழங்கால் மற்றவனுடைய கீழ்க்காலில் மோதும். ஒவ்வொரு தடவையும் மோதும். நான் சொன்னேன், மெல்பேர்ன்காரருக்கு ஓடுகிறவர்கள் அங்கேயே நிறையக் கிடைப்பார்கள், உயரமானவர்களுக்குத்தான் பஞ்சம், பிரணவனை ரக்காகக் காட்டினால் கட்டாயம் எடுப்பார்கள். கிரேக் தாடையைச் சொறிந்தார். பிறகு, நீங்கள் என்னைவிட நன்றாகத் தெரிவு செய்கிறீர்கள் என்றார்.

கால் தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்றேன்.

கலகெதர அணியின் ரக் ஒரு லொறிக்காரர். மலைபோல வந்து மோதுவார். இரண்டாம் மாதம் பிரணவன் நொண்டத் தொடங்கினான். படுக்கவைத்துப் பார்த்தபோது கீழ்க்கால் நன்றாகவே உள்ளே இறங்கியிருந்தது. அதைக் கண்டுபிடிக்கப் படிப்பே தேவையில்லை, பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். சதை கொஞ்சம் இழுபட்டிருக்கிறது என்று சொல்லி இறுக்கிக் கட்டிவிட்டேன். ராசா அண்ணை வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"பிள்ளை, விளையாடலாமோ? இந்த முறை விட்டா இனி எப்ப எண்டு தெரியாது. இரவில நாய் குரைச்சாலே இரஞ்சிதம் எழும்பி இவன்ர கட்டிலில போய் இருக்கிறா."

"விளையாடட்டும், அண்ணை. நான் பாக்கிறன்தானே."

"நீர் சொன்னால் சரி. வேற ஆரை நாங்கள் நம்புறது?"

மெல்பேர்னிலிருந்து ஆள் பார்க்க வந்த நாள் அவன் நான்கு தடவை தாவினான். நான்காவது தடவை விழுந்தவன் எழும்பவில்லை. அன்றைக்கு அவர்கள் தெரிவு செய்தது கலகெதர நஸீமை. ஐந்தரை அடி உயரம். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனுக்குப் பின்னாலேயே திரிந்து அவனை விளையாட விடாமல் செய்வது அவன் வேலை. எப்படி முடிகிறது என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, "லேசு மேடம், அவன் கக்கூசுக்குப் போனாலும் பொறகால போவேன், அவனுக்கே அலுத்துப் போய் பந்தத் தந்திருவான்" என்றான். கெட்டிக்காரன். இப்போது அங்கே நன்றாக இருக்கிறானாம்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. நிறுத்தித்தான் இருப்பேன், கிரேக் நல்ல மனிதராக இல்லாமல் இருந்திருந்தால். பிரணவனுக்குச் சத்திரசிகிச்சை செய்யுங்கள், அடுத்த வருட இடத்தை அவனுக்காகவே வைத்திருக்கிறேன், இந்த முறை ஓரத்தில் ஓடட்டும் என்று வீடு தேடிப்போய்ச் சொல்லிவிட்டார். சத்திரசிகிச்சையும் நன்றாக நடந்தது. நானே படங்களைப் பார்த்தேன். நல்ல வேலை.

அதன் பிறகு காலை நேராக வைத்துக் கட்டுவோம். சில கிழமைகளில் கழற்றி, மெல்ல மெல்ல மடிக்கப் பழக்க வேண்டும். அந்த நாட்களைத் தவறவிட்டால் மூட்டு உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். நான் கழற்றவில்லை. சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் விடுமுறையில் வெளிநாடு போயிருந்தார். கேட்க வேறு யாரும் இல்லை. இன்னும் ஆறவில்லை, பொறுங்கள் என்றேன். அவர்கள் பொறுத்தார்கள். கிழமைக்கு இரண்டு நாள் பஸ்ஸில் வந்தார்கள். இரஞ்சிதம் எனக்குப் பருத்தித்துறை வடை சுட்டுக் கொண்டுவருவா. கடைசியில் கட்டை அவிழ்த்தபோது அந்தக் கால் ஒரு பலகை. பிரணவன் அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான். "அன்ரி, இனி நான் கோல் கம்பமா நிக்கலாம்" என்றான். நானும் சிரித்தேன். நல்ல பிள்ளை. அவன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.

சோதனைச் சாவடி என் திட்டத்தில் இருக்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். பஸ்ஸிலிருந்து பையன்களை இறக்கி வரிசையாக முழந்தாளிடச் சொல்வார்கள் என்பதும், ஒருவன் மட்டும் நிமிர்ந்து நிற்பான் என்பதும், அவன் சொல்லும் விளக்கம் விளங்காமல் அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? நான் விரும்பியது, ராசா அண்ணையின் மகனும் இங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான். ஆள் ஏறிப் போகக்கூடிய இடம் ஒன்று கண்முன்னே வெறுமையாக இருக்க, தன் பிள்ளை அதில் ஏற முடியாமல் நிற்பதை அவர் பார்க்க வேண்டும். பார்த்தார். அது போதுமாக இருந்தது. நான்கு மாதமாகப் பிரணவனை எங்கே தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் அலைகிறார். அது மேலதிகம்.

போன கிழமை அவர் இங்கே வந்தார். நீங்கள் இருக்கும் அதே கதிரையில் இருந்து அழுதார். அப்போதுதான் கேட்டேன். அந்த மெஷினை இறக்கி வைத்திருந்தால் என் தம்பி இருந்திருப்பானே, அண்ணை, என்றேன். திடுக்கிட்டுப் பார்த்தார்.

"என்ன பிள்ளை சொல்லுறீர்? மெசினை அண்டைக்கு றோட்டிலயே இறக்கி வைச்சிட்டுத்தானே நிண்டனான். உம்மட சங்கிலியை எடுக்கவெண்டு அவனை நீரெல்லே உள்ள அனுப்பினது. நான் ஹோன் அடிச்சுக்கொண்டு நிக்க, நீர்தான் வான் கதவைச் சாத்திப்போட்டு, எடுங்கோ அண்ணை, அவன் ஆத்தங்கரையால வருவான் எண்டனீர்."

எழுபதை நெருங்கும் மனிதர். மகனைத் தேடித் தேடி அவருடைய ஞாபகம் பிசகிவிட்டது. பாவம், அவரிடம் நான் வாதாடவில்லை. உங்களிடம் மறைப்பதற்கும் எதுவுமில்லை, ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். கதவைச் சாத்தியது நான்தான். ஆனால் அது புகைக்காகத்தான். தெருவெல்லாம் புகை. எனக்கு மூச்சு முட்டியது.