கூடுதலாக ஒரு கோப்பை

தேநீர் வேண்டாம், அம்மணி, வருமுன்னரே குடித்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்வதில் எனக்குத் தேர்ச்சி உண்டு. இரண்டாண்டுகளுக்கு முன், தம் ஆட்சி தொடரலாமா என்று இராணுவத் தளபதி சிலி நாட்டு மக்களை வாக்கெடுப்பில் கேட்டபோது, 'வேண்டாம்' என்னும் விடையை விற்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதுவரை சலவைத்தூள் விற்றுக்கொண்டிருந்தேன்.

தொலைக்காட்சியில் நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் சவப்பெட்டிகளைக் காட்ட விரும்பினார்கள். அஞ்சியவர் வாக்களிக்க வரமாட்டார், நம்பிக்கையைக் காட்டுவோம் என்றேன். பற்பசைக்கும் விடுதலைக்கும் ஒரே புன்னகை போதும் என்பது என் தத்துவம். அதைத் தத்துவம் என்று அழைத்தவன் நான் ஒருவனே.

அப்படித்தான் ஒட்டிலியா சானுவேசாவைக் கண்டடைந்தேன். வல்பரைசோ துறைமுக நகரின் மலைச்சரிவில் துணி தைத்துப் பிழைக்கும் விதவை. அவருடைய மகன் எரிபெர்த்தோவைச் சிப்பாய்கள் கொண்டுசென்று பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மாலையில் ரொட்டியும் பிசைந்த வெண்ணெய்ப்பழமும் எடுத்துவைக்கையில், மகனுக்கென்று ஒரு கோப்பை கூடுதலாக வைப்பார். அதைப் படமெடுத்தேன்.

"எம்புள்ள வருவான். ரெண்டு கரண்டி சர்க்கரை கேப்பான், கழுத" என்று சிரித்தார். அந்த அரை நிமிடத்துக்கு நாடே மயங்கியது.

வாக்களிப்புக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் நசாரியோ என்றொரு தச்சர் என் அலுவலகத்துக்கு வந்தார். எரிபெர்த்தோவுடன் தென்கோடித் தீவுச் சிறையில் இருந்தவர். தாயின் முகவரி தெரியாமல், விளம்பரத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தேடிவந்திருந்தார்.

"அவன் என் மடியிலதான் போனான் சார். எங்க பொதைச்சாங்கன்னும் தெரியும். அந்தம்மா இன்னும் சர்க்கரைய எடுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கு. பாக்க முடியல."

அங்கே கைதிகள் கடற்கரைக் கற்களில் ஏதேனும் செதுக்குவார்களாம். எரிபெர்த்தோ செதுக்கிய கறுப்புக் கல்லை மேசைமேல் வைத்தார். தாயின் பெயரில் பாதிதான் முடிந்திருந்தது.

"நானே சொல்லிடுறேன். நீங்க ஊருக்குப் போங்க."

"எப்ப?"

"நாளைக்கே போறேன்."

மறுநாளே போனேன். நான் பொய் சொல்பவன் அல்லன். கேமராவையும் உடன் கொண்டுசென்றேன். இரண்டாம் படம் பாக்கியிருந்தது.

"கொஞ்சம் சோகமா இருக்கும்மா. இன்னொருவாட்டி. அவன் படியேறி வர்ற மாதிரி நெனச்சுக்கங்க."

ஏழாம் முறை சரியாக அமைந்தது. கல் என் சட்டைப்பையில் இருந்தது.

"ஏன் தம்பி நெஞ்சையே தடவிக்கிட்டிருக்க? வேளைக்குச் சாப்பிடறதில்ல போல. இந்தா" என்று அந்தக் கூடுதல் கோப்பையிலேயே ஊற்றித் தந்தார். சர்க்கரை இரண்டு கரண்டி. குடித்தேன்.

வென்றோம். தெருவெல்லாம் ஆடிக்கொண்டிருக்கையில் சொல்வது நாகரிகம் அன்று. கிறிஸ்துமஸுக்குச் சொல்வது முறையன்று. பிறகு ஒரு தேநீர் நிறுவனம் தன் விளம்பரத்துக்கு அதே மேசையையும் அதே தாயையும் கேட்டது. நம்பிக்கையுள்ள முகம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். சென்ற மாதம் அது முடிந்தது.

இடையில் நசாரியோ கடிதம் எழுதினார். 'அம்மா அமைதியாக ஏற்றுக்கொண்டார்' என்று பதில் எழுதினேன். அந்த வாசகத்தை நான்கு முறை திருத்தினேன். என் நல்ல வாசகங்களுள் ஒன்று. இந்தக் குளிர்காலத்தில் நசாரியோவும் இறந்துவிட்டார். புதைத்த இடத்தை அன்று விளக்கமாகத்தான் சொன்னார். நான் குறித்துக்கொள்ளவில்லை, காட்சிக்கு அது தேவைப்படவில்லை.

காணாமற்போனோரை விசாரிக்கும் உங்கள் ஆணையத்தில், கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்லப் பயின்றவர்கள் இருப்பதாக அறிந்தேன். எனக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஒட்டிலியா வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். மகனைப் பற்றி நல்ல சேதி என்று சொல்லித்தான் அழைத்துவந்தேன். புதுச் சட்டை ஒன்று தைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

இதோ கல். அவரை உள்ளே அழைக்குமுன் அந்தத் திரைச்சீலையைச் சற்று விலக்குங்கள். அவருடைய முகத்துக்கு இடப்பக்கத்து வெளிச்சம்தான் பொருந்தும்.