முன்னால் பன்னிரண்டு பேர்

"முன்னால பன்னெண்டு பேரு. போலீஸ்காரர் விசிலை எடுக்காரு."

குற்றாலம் மெயின் அருவி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் இப்படி வர்ணித்துக்கொண்டே போனார். சட்டென்று காதைத் தீட்டிக்கொண்டேன். ரேடியோவிலும் டிவியிலும் முப்பது வருடமாகக் கபடி வர்ணனை சொல்லும் அதே குரல். அவர் தோளைப் பிடித்திருந்த நண்பருக்குக் கண் தெரியாது.

"டிவிக்காரன் என்னவே சொல்லுதான்?" என்றார் நண்பர்.

"ஸ்கோர்தான் திரையில ஓடுதே, நீரு ஏன் திரும்பத் திரும்பச் சொல்லுதீருங்கான். நாளைக்கு ஃபைனல்லயும் சொன்னா, இனிமே கூப்பிட மாட்டானாம்."

"அப்ப சொல்லாதேயும். எனக்காவ பொழப்பைக் கெடுத்துக்கிடாதேயும்."

"உமக்காவன்னு யாருவே சொன்னா? அடுப்படியில நிக்கவளுக்குத் திரை தெரியுமா? ரேடியோவுல படிச்ச பாடம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்க ஸ்கோர் சொல்லியே தீரணும். அதை விட்டுட்டு எனக்கு என்ன மைக்கு?"

"அடம்புடிச்ச ஆளுவே நீரு." நண்பர் அந்தத் தோளை ஒரு தட்டுத் தட்டினார்.

வரிசை நகர்ந்தது. சாரல் முகத்தில் அடித்தது.

"சரி, நாளைக்கு டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கேன்" என்றார் நண்பர்.

"வையும். இப்ப முன்னால ரெண்டே பேரு."