தேடி வந்து வாங்குன பெட்டி

இப்படிக் கிட்ட வந்து உட்காருப்பா. இன்னும் கிட்ட. அந்த முக்காலி ஆடும், அது வேணாம். இந்தப் பலகையில உட்காரு. சுத்தி ஒரே பெட்டியா நிக்குதேன்னு மிரளாதே, காலிப் பெட்டி யாரையும் கடிச்சதில்ல. உன்னை ஃபோன் பண்ணிக் கூப்பிட்டவ பின்னாடி பட்டறையில ரெண்டு பேரோட பேசிக்கிட்டிருக்கா. அதுக்குள்ள உன்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லி வைக்கச் சொன்னா. அவ சொன்னா பட்டுன்னு போட்டு உடைச்சிடுவாளாம். நான்னா பதமா சொல்லுவேனாம்.

அய்யய்யோ, உன் தலையில பெட்டியைக் கட்டவா கூப்பிட்டோம்? அதெல்லாம் இல்ல.

நானா? நான் இங்க பெட்டிக்கு உள்ள மெத்தை தைக்கிறவ. தலைகாணி, ஓரத்துல சுருக்கு வச்ச வெள்ளைத் துணி, எல்லாம் என் கை தான். உன்னைக் கூப்பிட்டவ கடைக்காரரோட மருமக. நாங்க அவளை அலமாரின்னு தான் கூப்பிடுவோம். கோவிச்சுக்க மாட்டா. எதைப் பார்த்தாலும் இது எந்தத் தட்டுல வைக்கிறதுன்னு பிரிச்சுப் பார்க்கிற புத்தி அவளுக்கு. வியாபாரப் படிப்பு படிச்சவ. படிச்சுட்டு எங்க வந்து வாக்கப்பட்டா பாரு, சவப்பெட்டிக் கடையில!

வந்த புதுசுல ஒருநாள் சாப்பிடும்போது மாமனாருக்குப் பாடம் எடுத்தா. உலகத்துல விக்கிற பொருளு எல்லாம் நாலே தட்டு தானாம் மாமான்னா. மொதத் தட்டு, யோசிக்காம வாங்குறது. சோப்பு, உப்பு, தீப்பெட்டி. எந்தக் கடை கிட்ட இருக்கோ அங்க வாங்கிட்டு நடையைக் கட்டுறது. ரெண்டாவது தட்டு, கடை கடையா ஏறி இறங்கி, தட்டிப் பார்த்து, விலை பேசி வாங்குறது. கட்டில், மின்விசிறி, செருப்பு. மூணாவது, எனக்கு அது தான் வேணும், வேற எதையும் கண்ணுல காட்டாதேன்னு அடம் பிடிச்சு வாங்குறது. ஒருத்தரு குறிப்பிட்ட ஒரு கைக்கடிகாரத்துக்காக ஊரு விட்டு ஊரு போவாராம். நாலாவது தட்டு தான் நம்ம தட்டு மாமா. இருக்குன்னு தெரியும், ஆனா எவனும் நினைச்சுக்கூடப் பார்க்க மாட்டான். தேடாத பொருளு. தலையில வந்து விழுந்தா தான் வாங்குவான்னா.

கடைக்காரர் சோத்துல கையை வச்சபடி பார்த்தாரு. சோப்பையும் சவப்பெட்டியையும் ஒரே மூச்சுல சொல்றதுக்காம்மா உங்க அப்பா உன்னை அவ்வளவு தூரம் படிக்க வச்சாருன்னு கேட்டாரு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல, புரை ஏறிடுச்சு.

ஆனா அவ விடல. பொருளைப் பார்க்காதீங்க மாமா, வாங்க வர்றவங்க காலைப் பாருங்கன்னா. நம்ம கடைக்கு வர்றவங்க காலு வாசல்லயே நின்னுடும். உள்ள வந்தாலும் தரையைத் தான் பார்ப்பாங்க, பெட்டியைப் பார்க்க மாட்டாங்க. கூட ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. நீங்க பாட்டுக்கு அவங்க முன்னாடி மரம் எப்படி, மெருகு எப்படின்னு அடுக்கினா அவங்க காதுல ஏறுமான்னு கேட்டா. கேட்டதோட நிக்கல. வாசல்ல ஜொலிச்சுக்கிட்டிருந்த விலைப்பலகையைக் கழட்டிட்டு, நாலு நாற்காலியும் குடிக்கத் தண்ணியும் வச்சா. அன்னையிலிருந்து எங்க கடையில நின்னு பேசுறவங்களை விட உட்கார்ந்து அழறவங்க தான் ஜாஸ்தி. இப்ப பெரியவரே தண்ணி ஊத்திக் கொடுக்கிறாரு.

இதையெல்லாம் உனக்கு எதுக்குச் சொல்றேன்னு தானே பார்க்குற? சொல்றேன். இது தெரியலைன்னா அடுத்தது புரியாது. அடுத்தது ஒரு உசுரு சம்பந்தப்பட்டது. நல்லா நடமாடிக்கிட்டிருக்கிற ஒரு மனுஷனோட உசுரு.

கொஞ்ச நாள் முன்னாடி ஒருத்தன் வந்தான். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். தலை வாரி, சட்டையை உள்ள விட்டு, பார்க்க லட்சணமாத் தான் இருந்தான். தனியா வந்தான். வாசல்ல நிக்கல. நேரா உள்ள வந்து இந்த வரிசையில ஒவ்வொரு பெட்டியா விரலை மடக்கித் தட்டிக்கிட்டே போனான். தட்டுறதும் காதை வச்சுக் கேக்குறதும். நான் தைச்ச மெத்தையில கட்டைவிரலை வச்சு அழுத்திப் பார்த்தான். கட்டில் கடையில அழுத்துவாங்களே, அதே மாதிரி. நான் ஊசியைக் கீழ வச்சுட்டு அவனையே பார்த்தேன். ஏன்னு தான் சொல்லத் தெரியல.

அலமாரி எந்திரிச்சுப் போனா. யாருக்குங்கன்னு கேட்டா. எங்க அண்ணனுக்குன்னான். எப்பங்க தவறுனாருன்னா. இன்னும் இல்ல, ஆறு மாசமா படுத்த படுக்கை, டாக்டரு கையை விரிச்சுட்டாருன்னான். குரலு என்னவோ சோகமாத் தான் இருந்துச்சு. ஆனா கண்ணு பெட்டி விளிம்பையே மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. போகும்போது ஒண்ணு கேட்டான் பாரு. இப்பவே வாங்கி வச்சா ஈரத்துல மரம் உப்புமா, நீங்களே இங்க வச்சிருந்து நான் சொல்ற அன்னைக்கு இறக்குவீங்களான்னு கேட்டான்.

அவன் போனதும் இவ நேரா என்கிட்ட வந்தா, என்னை அத்தைன்னு தான் கூப்பிடுவா. அத்தை, இந்த ஆளு தப்பான தட்டுலேருந்து வந்திருக்கான்னா. நான் முழிச்சேன். நாலாவது தட்டுப் பொருளை ரெண்டாவது தட்டு ஆளு மாதிரி வாங்குறான் அத்தைன்னா.

பெரியவரு, போம்மா, சாகக் கிடக்குறவனுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறதும் உண்டு தானேன்னாரு. உண்டு மாமா, ஆனா அப்படி வர்றவங்க பெட்டி மேல கை வைப்பாங்களா, தொட்டா அவரு போயிடுவாரோன்னு கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்களேன்னா. உடனே ஃபோனை எடுத்து மத்தப் பெட்டிக் கடைக்காரங்களைக் கேட்டா. எல்லாக் கடையிலயும் ஏறி இறங்கியிருக்கான்! ஒருத்தரு, ஆமாம்மா, கட்டைவிரல்காரன் தானே, பேரம் பேசியே என் உசுரை எடுத்துட்டான்னாராம். கட்டைவிரல்காரன். அதுலேருந்து எங்களுக்கும் அவன் அதே பேரு தான்.

உனக்குக் கூடப் பிறந்தவங்க யாராச்சும் உண்டாப்பா?

ஒரு தம்பியா. ம்.

இரு, தண்ணி குடி. இது நம்ம குழாய்த் தண்ணி தான், தைரியமா குடி.

மறுபடியும் அவன் வந்தப்போ அலமாரி ஒரு காரியம் பண்ணா. அளவு சரியா இருக்கணுங்க, உங்க அண்ணன் போட்ட சட்டை ஒண்ணு கொண்டு வாங்க, தோளு அகலம் பார்க்கணும்னு சொன்னா. அப்படியெல்லாம் நாங்க யாருகிட்டயும் கேக்குறது கிடையாது. படுக்கையில கிடக்குறவரு எப்படி இருக்காருன்னு சட்டையாவது சொல்லாதான்னு கேட்டிருக்கா. ரெண்டாவது தட்டு ஆளாச்சே, அளவு தப்பிடக் கூடாதுன்னு அவனுக்கும் கவலை. மறுநாளே கொண்டு வந்து, முன்பணமும் கட்டிட்டுப் போனான். கொடியில கிடந்ததை உருவிட்டு வந்திருப்பான் போல.

அதை விரிச்சுப் பார்த்தோம். மணிக்கட்டுப் பக்கம் கிரீஸ். பழைய கறை இல்லப்பா, தொட்டா விரல்ல ஒட்டுது! சட்டைப் பையில கசங்கின பஸ் டிக்கெட்டு, தேதியோட. ஆறு மாசமா படுத்தவரு அதுக்கு முந்தின நாள் பஸ்ல போயிருக்காரு. அலமாரி பையைத் திருப்பினா. அதுல ஒரு லாரிப் பட்டறையோட பேரு தைச்சிருந்துச்சு.

இதோ, இந்தச் சட்டை தான்.

ஆமாப்பா.

உட்காரு. உட்காருன்னேன்ல. இப்ப எந்திரிச்சு எங்க போவ? அவன்கிட்டயா? போய் என்னன்னு கேப்ப? எந்தம்பி அப்படிப்பட்டவன் இல்லன்னு தான் நீ சொல்லுவன்னு அவளுக்குத் தெரியும். அதனால தான் அன்னைக்கே உன்கிட்ட வந்து சொல்லல. உன் பட்டறைக்கு வந்து உன்னைப் பார்த்துட்டுத் தான் போனா. வந்து என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? அந்த ஆளு சொன்னது ஒண்ணு மட்டும் நிஜம் அத்தை, அவங்க அண்ணன் படுத்துக்கிட்டுத் தான் இருக்காரு, லாரிக்கு அடியில, சீட்டி அடிச்சுக்கிட்டுன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதுட்டா.

உன் கூட வேலை பார்க்குறவங்ககிட்ட மெல்லப் பேச்சுக் கொடுத்திருக்கா. கொஞ்ச நாளா அடிக்கடி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுறாரு, ஆளு பாதியாயிட்டாருன்னு சொல்லியிருக்காங்க. சமையலு யாருப்பா உங்க வீட்டுல? தம்பி தானா. எத்தனை நாளா?

அது சரி. அதுக்கு முன்னாடி நீ தான் சமைச்ச. திடீர்னு நீ கஷ்டப்படாதேண்ணே, நான் பார்த்துக்கிறேன்னு சொல்லியிருப்பான். நீயும் பாசம்னு நினைச்சிருப்ப. நானா இருந்தாலும் அப்படித் தான் நினைச்சிருப்பேன்.

ஏன்னு என்னைக் கேட்டா நான் என்னப்பா சொல்ல? வீடு ரெண்டு பேருக்கும் பொதுவாமே. விக்கவே மாட்டேன்னு நீ சொன்னியாம், உங்க பட்டறையில சொன்னாங்க. அது தானா, வேற எதுவுமான்னு உனக்குத் தான் தெரியணும். அழுதா அழுதுடு. இந்தக் கடையில அழுதா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

போலீசா? போனாளே. ரெண்டு தடவை. மொத தடவை அவங்க சிரிச்சாங்களாம். ஏம்மா, பெட்டி வாங்குறது ஒரு குத்தமா, கட்டைவிரல்ல அழுத்துனான்னு கேஸ் போடவான்னு கேட்டாங்களாம். சட்டையைக் காட்டினதும் சிரிப்பு கொஞ்சம் நின்னுச்சு. ஆனாலும் இது பத்தாதும்மா, அண்ணன்காரருக்கு நிஜமாவே ஏதோ வியாதி இருக்கும், அவரு வீட்டுல சொல்லாம வேலைக்குப் போறாரோ என்னவோன்னு அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை போனப்போ கையெடுத்துக் கும்பிட்டு, நீங்க வந்து கடையில உட்காருங்க, நான் அவன் கூட ஃபோன்ல பேசுறதை மட்டும் கேளுங்க, அதுக்கப்புறம் உங்க இஷ்டம்னு சொல்லியிருக்கா.

இன்னைக்குக் காலையில வந்து உட்கார்ந்தாங்க, சாதா உடுப்புல ரெண்டு பேரு. அலமாரி ஃபோனை எல்லாருக்கும் கேக்குற மாதிரி வச்சா. குரல்ல தேன் வழியுது. சார், உங்க பெட்டி ரெடி, இன்னைக்கே இறக்கவா, இல்ல அடுத்த வாரமா, உங்களுக்கு எப்ப சௌகரியம்னு கேட்டா. கட்டில் கடைக்காரி கேப்பாளே, அப்படியே தான்.

அவன் கொஞ்சம்கூடத் தடுமாறல. இன்னைக்கு வேணாம்னான். அடுத்த வாரம் ரொம்ப லேட்டாயிடும். நாளைக்கு மத்தியானத்துக்கு மேல இறக்குங்க, அப்ப தான் சொந்தக்காரங்க எல்லாம் வந்து சேர்ந்திருப்பாங்கன்னான்.

அந்தப் போலீஸ்காரரு கையில டீ டம்ளரு. குடிக்கவே இல்ல. அப்படியே கீழ வச்சுட்டாரு.

அதுக்கப்புறம் தான் உன்னைக் கூப்பிட்டா. நீ இங்கயே இருப்பா. பெரியவரு கார் எடுக்கப் போயிருக்காரு, வந்ததும் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு, சாப்பாட்டுல எதுவும் கலந்திருக்கான்னு ரத்தம் எடுத்துப் பார்க்கணுமாம். நானும் கூட வரேன்.

காலைக் கொஞ்சம் மடக்கிக்கோ, பெட்டியைத் தூக்கிட்டு வராங்க. ஆமா, அது தான். பார்க்காதே, இந்தப் பக்கம் திரும்பு. என் மூஞ்சியைப் பாரு.

போயிட்டாங்க. வண்டியில ஏத்தியாச்சு. அலமாரி முன்னாடி டிரைவர் பக்கத்துல ஏறிட்டா. பெட்டி பின்னாடி. பெட்டிக்கு ரெண்டு பக்கமும் அந்த ரெண்டு பேரு. நாளைக்குன்னு தானேம்மா சொன்னான்னு டிரைவர் கேக்குறாரு, உனக்குக் கேக்குதா? இவ என்ன சொல்றான்னு கேளு. இன்னைக்கே இறக்குவோம்ணே, இவ்வளவு தூரம் தேடி அலைஞ்சு வாங்குனவரு, கதவைத் திறந்ததும் அவரே பார்த்துக் கையெழுத்துப் போடட்டுங்கறா.